21 வருடத்துக் கோட்டை: செஞ்சியும் மீட்டுருவாக்கத்தின் அரசியலும்

1

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, 'இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகளைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ராய்கட், பிரதாப்கட், சிவ்நேரி, சிந்துதுர்க் என்று 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் இருப்பவை. மிச்சமிருக்கிற ஒன்று நம்ம செஞ்சி.

என் நண்பர்கள் வட்டத்தில் இந்தச் செய்தியை இரண்டு விதமாக எதிர்கொண்டார்கள். எந்தப் பேர்ல வந்தா என்ன, உலகம் நம்ம கோட்டையைத் திரும்பிப் பார்த்ததே என்ற சந்தோஷம் ஒரு பக்கம். தமிழ் மண்ணில் இருக்கிற கோட்டைக்கு மராட்டியப் பட்டமா என்ற கோபம் இன்னொரு பக்கம். இரண்டோடும் எனக்கு உடன்பாடு இல்லை. சந்தோஷப்பட்டவர்கள் பெயரிடுதல் என்பது ஓர் அதிகாரச் செயல் என்பதைக் கவனிக்கவில்லை. கோபப்பட்டவர்களோ 'மராட்டிய' என்பதை எடுத்துவிட்டு 'தமிழ்' என்று போட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி மாற்றினாலும் கோட்டையை ஒரே ஓர் உரிமையாளரின் பிரதியாகப் படிக்கிற வாசிப்பு அப்படியே தான் இருக்கும்.

இந்தக் கட்டுரையில் நான் பேச விரும்புவது வேறு. பழைய கட்டடம் ஒன்றைச் செப்பனிட்டு, மதிலுக்குச் சுண்ணாம்பு பூசி, புல்தரை போட்டு, கம்பி வேலி கட்டி, பெயர்ப்பலகை நட்டு, 'இதுதான் அது' என்று நம்மிடம் ஒப்படைக்கும்போது, 'அது' எந்த வருஷத்து 'அது'? யார் கணக்கில் அந்த வருஷம்? மீட்டுருவாக்கம் என்பது எப்போதுமே ஒரு காலத்தைத் தேர்ந்தெடுப்பது. தேர்ந்தெடுத்த காலத்துக்கு வெளியே நிற்கிறவர்கள் எல்லாரும் அந்த நிமிஷமே சிதிலமாகிவிடுகிறார்கள்.

2

செஞ்சியின் காலக்கணக்கை முதலில் போட்டுப் பார்த்துவிடுவோம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1649 வரை நாயக்கர்கள். 1649லிருந்து 1677 வரை பீஜப்பூர் சுல்தானின் ஆட்கள். 1677ல் சிவாஜி பிடிக்கிறார். 1698ல் மராட்டியர் கையைவிட்டுப் போகிறது. பிறகு முகலாயர், அவர்கள் பெயரால் ஆற்காட்டு நவாபுகள். 1750ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761ல் ஆங்கிலேயர். 1780ல் ஹைதர் அலியின் படை வந்து அதிகச் சிரமமில்லாமல் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு செஞ்சிக்கு இராணுவ வேலை எதுவும் கிடையாது. காடு மண்டிவிட்டது.

ஒவ்வொருவரும் வந்தவுடன் செய்த முதல் வேலை பெயர் வைத்ததுதான். பீஜப்பூர்க்காரர்கள் பாதுஷாபாத் என்றார்கள். மராட்டியர் வாயில் அது சந்தி, சிந்தி என்று ஆனது. முற்றுகையிட்டு வென்ற முகலாயத் தளபதி சுல்பிகர் கானுக்கு நுஸ்ரத் ஜங் என்று ஒரு பட்டம் உண்டு. அதை வைத்து நுஸ்ரத்கட் ஆனது. வெள்ளைக்காரர்கள் ஜிஞ்சி என்று எழுதினார்கள், 'கிழக்கின் ட்ராய்' என்று ஒரு பட்டமும் சூட்டினார்கள். ட்ராய் என்று சொன்ன உடனே நாம் ஹோமரின் வாசலில் போய் நிற்க வேண்டும். 2025ல் வந்த தலைப்பு இந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

மராட்டியர் இங்கே இருந்தது 21 வருடம். அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. சிவாஜி செஞ்சியைப் பிடித்த கையோடு மதில்களைப் புதிதாக எழுப்பிப் பலப்படுத்தியதை ஆந்த்ரே ஃப்ரெய்ரே என்ற சேசு சபைப் பாதிரியார் 1678ல் எழுதிய கடிதம் விரிவாகவே சொல்கிறது. சிவாஜியின் மகன் ராஜாராம் தக்காணத்திலிருந்து தப்பி வந்தபோது மராட்டிய அரசுக்கே செஞ்சிதான் தலைநகரம். சுமார் எட்டு வருடம் நீடித்த முற்றுகையை அது தாங்கியது. இதெல்லாம் வரலாறு. ஆனால் யுனெஸ்கோ பதிவு பேசுவது 17ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை நீண்ட ஒரு மராட்டியப் பாதுகாப்பு அமைப்பைப் பற்றி. அந்த நீண்ட காலத்தில் செஞ்சியின் பங்கு 1677 முதல் 1698 வரை மட்டும்தான். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நாயக்கர் கட்டிய களஞ்சியங்களும் கோயில்களும், பீஜப்பூர் ஆட்சியின் 28 வருடமும், 1717-18ல் எழுந்த சாதத்துல்லா கான் மசூதியும், பிரெஞ்சுக்காரர்கள் சேர்த்த பீரங்கி மேடையும் இந்த 21 வருடத்துக்குப் பின்னணிக் காட்சியாகிவிடுகின்றன.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோய் இல்லை. அல்சாஸ் பகுதியில், 750 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், ஓ-கோனிக்ஸ்பூர் என்று ஒரு மலைக்கோட்டை இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் தோன்றியது. 17ஆம் நூற்றாண்டில் எரிந்து இடிபாடாகக் கிடந்தது. 1871ல் பிரான்சிடமிருந்து ஜெர்மனி அல்சாஸைப் பறித்துக்கொண்டது. 1899ல் அந்தக் கோட்டை ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்கு அன்பளிப்பாக வந்தது. போடோ எப்ஹார்ட் என்ற கட்டடக் கலைஞரை வைத்து 1900 முதல் 1908 வரை அதை முழுக்க எழுப்பிக் கட்டினார். இந்த மலை எப்போதுமே ஜெர்மன் மலைதான் என்று கல்லால் எழுதிக் காட்டுவது அந்தத் திருப்பணியின் நோக்கங்களில் ஒன்று. பத்தே வருடத்தில் உலகப்போர் முடிந்தது, அல்சாஸ் பிரான்சுக்குத் திரும்பியது, கோட்டையும் கூடவே போனது. பேரரசர் மீட்ட மத்தியகாலத்தை இன்று பிரான்ஸ் சீட்டுக் கொடுத்துச் சுற்றிக் காட்டுகிறது. இடிந்த கோட்டை பல காலங்களுக்குச் சொந்தம். மீட்டெடுத்த கோட்டை, மீட்டவனின் காலத்துக்குச் சொந்தமாகிவிடுகிறது.

3

அந்த அறிவிப்புக்குப் பிறகு ஒரு நாள் செஞ்சிக்குப் போயிருந்தேன். திண்டிவனம் - திருவண்ணாமலைச் சாலையில் பேருந்தை விட்டு இறங்கினால், ராட்சசக் குழந்தை விளையாடிவிட்டுப் போட்ட மாதிரி உருண்டைப் பாறைகள் அடுக்கிய குன்றுகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்றையும் முக்கோணமாக இணைத்துச் சுமார் 13 கிலோமீட்டருக்கு மதில் ஓடுகிறது. ராஜகிரி சுமார் 800 அடி. உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து ஒரு பள்ளம். அதன்மேல் ஒரு பாலம். முன்பு இழுத்துக்கொள்ளக்கூடிய மரப்பாலமாம். அதை இழுத்துவிட்டால் மேலே இருக்கிறவனை யாரும் நெருங்க முடியாது.

அடிவாரத்தில் கல்யாண மகால் நன்றாகவே செப்பனிடப்பட்டிருக்கிறது. சதுர முற்றம், சுற்றிலும் அறைகள், நடுவே அடுக்கடுக்காக ஏறிக் கூம்பாக முடிகிற கோபுரம். மேல் அடுக்குகளுக்குச் சுட்ட மண் குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் களஞ்சியங்கள். வளைவுக் கூரையும் கனத்த சுவரும் உள்ளே குகை மாதிரியான இருட்டும். பழைய கல் எது, புதுப் பூச்சு எது என்று பல இடங்களில் கண்ணுக்கே தெரிகிறது. அது நல்லதுதான். இந்தியத் தொல்லியல் துறைக்கு ஜான் மார்ஷல் 1923ல் எழுதிக் கொடுத்த பராமரிப்புக் கையேட்டின் அடிப்படையே இருப்பதைக் காப்பாற்று, இல்லாததைக் கட்டாதே என்பது. கல்லைப் பொறுத்தவரை செஞ்சியில் கூடியவரைக்கும் இந்த அடக்கம் இருக்கிறது. கதையைப் பொறுத்தவரைதான் அது இல்லை.

களஞ்சியத்துக்குள் நின்றபோது 'இராணுவ நிலக்காட்சி' என்ற சொல் எனக்கு உறுத்தியது. எட்டு வருட முற்றுகையைத் தாங்கியது மதில் மட்டுமா? நெல்லும் தண்ணீரும் இல்லாமல் எந்த மதிலும் எட்டு மாதம் நிற்காது. முற்றுகையிட்ட சுல்பிகர் கானே தானியம் கிடைக்காமல் 1693ன் தொடக்கத்தில் பாளையத்தைக் கலைத்துக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. அப்படியென்றால் இந்தப் போரை நடத்தியது சுற்றுப்பட்டு ஊர்களின் வயல். நெல்லைக் குத்தினவர்கள், சுமந்தவர்கள், சுனையில் தண்ணீர் மொண்டவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், பாறையைப் பிளந்தவர்கள், இரண்டு பக்கத்துப் படையும் மாறிமாறிப் பறித்த தானியத்துக்குச் சொந்தக்காரர்கள். 'இராணுவம்' என்று ஒரு சொல்லைப் போட்டவுடன் இவர்கள் எல்லாரும் காட்சியிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். மிஞ்சுவது தளபதிகள்.

தீப்ஸ் நகரத்தை யார் கட்டியது என்று ப்ரெக்ட் கேட்ட கேள்வி நம் சிறுபத்திரிகைக்காரர்கள் எல்லாருக்கும் பாடம். ஆனால் அந்தக் கேள்வியை அப்படியே செஞ்சிக்கு இறக்குமதி செய்ய முடியாது. இங்கே தொழிலாளி என்ற ஒற்றைச் சொல் போதாது. செஞ்சியில் ஒரு குன்றுக்கே சாதியின் பெயர் இருந்தது.

4

பெரிய குன்றுகளை விட்டுத் தள்ளி, கவனிக்காவிட்டால் வெறும் பாறைக் குவியல் என்று தோன்றக்கூடிய சிறு குன்று ஒன்று உண்டு. ஆங்கிலேயர் காலத்து நூல்களில் அதன் பெயர் 'சக்கிலி துர்க்கம்'. இந்துஸ்தானியில் 'சமார் டிக்ரி'. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. ராஜாவுக்கு ராஜகிரி, கடவுளுக்கு (அல்லது கிருஷ்ணக் கோனுக்கு) கிருஷ்ணகிரி, தோல் வேலை செய்தவர்களுக்கு இந்தக் குன்று. படைக்குத் தோல் வேலை செய்தவர்களை அங்கே குடிவைத்திருக்கலாம் என்பது நூல்கள் சொல்லும் ஊகம். யோசித்துப் பாருங்கள். குதிரைக்குச் சேணம், வீரனுக்குச் செருப்பு, வாளுக்கு உறை, தண்ணீருக்குத் தோல்பை, போருக்கு முரசு. அவர்கள் கை படாமல் ஒரு நாள் சண்டை நடந்திருக்காது. நாயக்கர் ஆட்சியோடு தெலுங்கு பேசும் அருந்ததியர்களின் வருகையைத் தொடர்புபடுத்துவது வழக்கம். அதை வைத்துப் பார்த்தால் அந்தக் குன்று ஓர் இடப்பெயர்வின் சாட்சி.

கோட்டைக்கு வெளியே மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்த ஓர் ஆயாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இன்னா தம்பி, தேசிங்கு ராஜா கோட்டையப் பாத்துட்டியா? மேல ஏறினியா?"

ஏறினேன் என்று சொல்லிவிட்டு, "அந்தச் சின்னக் குன்று இருக்குதே ஆயா, அதுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன்.

"அதுவா..." என்று இழுத்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அதுக்கு ஒரு பேரு இருக்குது. இப்பல்லாம் சொல்லக் கூடாது தம்பி. சொன்னா கேசு போட்ருவாங்க. அவங்க ஆளுங்களும் இங்கதான இருக்காங்க" என்றார்.

அந்தப் பதிலை நான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். 1989ல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஆயாவின் வாய்வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அது ஒரு வெற்றி, சந்தேகமில்லை. வசையாக மாறிவிட்ட ஒரு சொல்லைப் பொது இடத்தில் சொல்லத் தயங்குகிற நிலை போராடிப் பெற்றது. ஆனால் சொல் போனபோது அந்தச் சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே சான்றும் சேர்ந்து போய்விட்டது. இத்தனை நூற்றாண்டுக் கோட்டையின் நிலப்பெயர்களில், உழைத்த ஒரு சாதிக்குக் கிடைத்த ஒரே இடம் அந்தக் குன்று. பெயரை அப்படியே பலகையில் எழுதினால் அவமானம். எழுதாமல் விட்டால் அழிப்பு. மேல்சாதி மனசுக்கு இரண்டாவது ரொம்ப வசதி. சாதியைச் சொல்லாமல் இருப்பதே சாதியைக் கடந்துவிட்டதற்கு அடையாளம் என்று அது தனக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்ளும்.

இதற்கு மூன்றாவது வழி இல்லாமல் இல்லை. அருந்ததியர் என்ற சுயமரியாதைப் பெயரால், இந்தக் குன்று யாருடைய பெயரால் அழைக்கப்பட்டது, அவர்கள் செய்த வேலை என்ன, அந்தப் பெயர் எப்படி வசையாக்கப்பட்டது, ஏன் இன்று அதை நாம் உச்சரிப்பதில்லை என்று நாலு வரி எழுதி வைக்கலாம். அந்த வாசகத்தை எழுத வேண்டியவர்கள் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். துறை அதிகாரியோ என்னைப் போன்ற விமர்சகனோ இல்லை.

5

சரி, அதிகாரத்தின் வரலாறுதான் இப்படி, மக்கள் வரலாறு வேறு மாதிரி இருக்குமே என்று தோழர்கள் கேட்கலாம். மக்களும் ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள். அது 1714.

தேசிங்கு என்ற தேஜ்சிங் தமிழர் இல்லை, மராட்டியரும் இல்லை. புந்தேல ராஜபுத்திரர். முகலாயருக்காகச் செஞ்சிக் கோட்டைத் தலைவராக இருந்த ஸ்வரூப்சிங்கின் மகன். அப்பா இறந்ததும் கோட்டை தனக்கு என்றார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கிப் பணம் கேட்டார். தேசிங்கு மறுத்தார். 1714 அக்டோபர் 3 அன்று நடந்த சண்டையில் செத்தபோது அவருக்கு வயது 22. செஞ்சியில் அவர் அதிகாரம் நீடித்தது சில மாதங்கள்தான். ஆனால் 'தேசிங்குராஜன் கதை' பாடலாகி, கூத்தாகி, பெரிய எழுத்துப் புத்தகமாகி, 1960ல் எம்.ஜி.ஆர். நடித்த படமாகி, இன்றைக்கும் ஊர் வாயில் இது 'தேசிங்கு ராஜா கோட்டை'. ஆயாவுக்கு யுனெஸ்கோ தெரியாது. தெரிந்தாலும் பெயரை மாற்றிக்கொள்ள மாட்டார்.

இந்தக் கதையை மக்கள் கலை என்பதற்காகவே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட நான் தயாரில்லை. அதன் வீரம் ராஜபுத்திர வீரம். அதன் பெண் உடன்கட்டை ஏறுகிற பெண். களஞ்சியத்து ஆட்களுக்கு அதிலும் இடமில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அது பட்டியல் தயாரிப்பவர்களை விட முன்னால் நிற்கிறது. தேசிங்கின் உயிர்த் தோழன் மோவுத்துக்காரன் என்ற மகபத்கான் ஒரு முஸ்லிம். வழுதாவூரில் தன் கல்யாணத்தை விட்டுவிட்டு நண்பனுக்காகச் சண்டைக்கு ஓடி வந்து சாகிறான். எதிரில் நிற்கிற நவாபும் முஸ்லிம். ஆக, இந்து வீரன் - முஸ்லிம் எதிரி என்ற இரட்டை எதிர்வை இந்தக் கதைமேல் மாட்ட முடியாது, கழன்று விழுந்துவிடும். சிவாஜி - ஔரங்கசீப் என்று இருபதாம் நூற்றாண்டில் கட்டமைத்த பெருங்கதையாடலுக்குள் செஞ்சியை உள்ளே இழுப்பது சுலபம். 1714ஐ அப்படி இழுக்க முடியாது. எந்த வருஷத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது ஏன் முக்கியம் என்று இப்போது புரியும்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் மேலச்சேரி. பழைய செஞ்சி என்று சொல்லப்படும் அந்த ஊர்த் திரௌபதை அம்மன் கோயிலை அந்த வழிபாட்டின் ஆதி பீடமாகக் கருதுகிறார்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988ல் வெளியிட்ட திரௌபதை வழிபாடு பற்றிய நூலின் முதல் தொகுதி செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரத்துக்குப் பயணம் போகிறது. திரௌபதை அம்மன் கோயில்களில் காவலாக நிற்கிறவர்களில் ஒருவர் முத்தால் ராவுத்தன். பெயரைப் பார்த்தாலே தெரியும், முஸ்லிம் குதிரை வீரன். ஆண்டவர்கள் மாறிக்கொண்டே இருந்த ஊரில், வந்தவர்களையெல்லாம் எப்படி உள்ளே வாங்கிக்கொள்வது என்று கூத்து மேடை ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. நம் வரலாற்றுப் பாடத்திட்டங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

கோட்டைக்கும் முந்திய செஞ்சி ஒன்று உண்டு. சிறுகடம்பூர்ப் பக்கம் திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களையும் பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்டதைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. அரசன் பெயர் இல்லை, போர் இல்லை, வெற்றி இல்லை. ஒருவர் சாப்பிடாமல் இருந்த நாட்களை எண்ணி வைத்திருக்கிறது அந்தக் கல். செஞ்சி என்றால் வாளும் பீரங்கியும்தான் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை அந்தக் குன்றில் ஏறிப் பார்க்க வேண்டும்.

6

மீட்டுருவாக்கம் என்று இவ்வளவு பேசுகிறோமே, புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற உயரமான கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனவை. அசல் நிலைக்குத் திரும்புவதுதான் மீட்பு என்றால் முதலில் அவை திரும்ப வேண்டும். யாரும் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம் என்பேன். நாயக்கர் காலத்துத் தூண் பிரெஞ்சுக்காரனோடு கடற்கரைக்குப் போய் காந்திக்குக் காவல் நிற்பதும் செஞ்சியின் வரலாறுதான். அசல் நிலை என்று ஒன்று எங்கேயும் காத்துக்கொண்டிருக்கவில்லை. ஆனந்தக் கோன் என்ற ஆட்டிடையர் மலையில் புதையல் கண்டெடுத்து முதல் கோட்டையைக் கட்டினார் என்று நாராயணன் எழுதிய 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' சொல்கிறது. அதை எழுதியதே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கும்பினி ஆட்சி இந்த ஊர்களின் பழைய கதைகளைச் சேகரித்துக்கொண்டிருந்த நேரத்தில். தொடக்கக் கதையே ஒரு மீட்டுருவாக்கம்.

யுனெஸ்கோ பட்டியலை எதிர்த்து ஊர்வலம் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பட்டியலால் மதிலுக்குக் காசு வரும், பஸ் வரும், மல்லாட்டை விற்பனையும் கூடும். அந்த ஆயாவுக்கு அது பெரிய விஷயம். நான் சொல்வது, பட்டியல் கொடுத்த 21 வருடத்தை நாம் அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது என்பதை. அதற்குப் பதிலாக இன்னொரு 21 வருடத்தையோ, 'தமிழர்' என்ற பெயரில் ஒரு ஆயிரம் வருடத்தையோ வைக்கவும் கூடாது. செய்ய வேண்டிய வேலைகள் சின்னச் சின்னவை. மேலச்சேரிக் கூத்துக்காரர்களிடமிருந்து கோட்டையைப் பற்றிய கதைகளைப் பதிவு செய்யலாம். களஞ்சியத்துக்கு நெல் போன ஊர்களின் பெயர்களை வருவாய் ஆவணங்களில் தேடலாம். சுண்ணாம்பு அரைக்கிற வேலையில் இன்றைக்கும் இருக்கிறவர்களிடம், அந்த வேலை அவர்கள் குடும்பத்துக்கு எப்போது வந்தது என்று கேட்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தச் சிறு குன்றைப் பற்றிய நாலு வரியை எழுத அருந்ததியத் தோழர்கள் முன்வர வேண்டும். துறை அதைப் பலகையில் போடட்டும், போடாமல் போகட்டும். முதலில் இந்தப் பத்திரிகையின் அடுத்த இதழில் போடலாம். பக்கம் ஒதுக்கி வைக்கச் சொல்லி ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன்.